ஏலத்துக்குப் போன பிரபஞ்சம்

எங்கள் ஈஜிபுரா வீட்டுக்குள் பிரபஞ்சம் நுழைந்தது ஒரு சனிக்கிழமை. அதற்கு முன்பு அந்த வீட்டில் நான், என் கணவர், அவருடைய மாத்திரை டப்பா, இவற்றோடு ஒரு பெரிய அமைதி இருந்தது. அந்த அமைதியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் சபையே வேடிக்கை பார்க்க என் சொந்த மாவை நானே ஏன் ஏலத்தில் கேட்டேன் என்று யாருக்கும் புரியாது.

என் கணவர் சிவாஜி நகர் பக்கம் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தவர். ஃபேன், டியூப் லைட், சுவிட்ச், ஒயர் என்று சின்னக் கடைதான். வாய் மட்டும் பெரிய கடைக்கு உண்டானது. ஒருவரிடம் தமிழ், அடுத்தவரிடம் கன்னடம், அதற்கடுத்தவரிடம் உருது, காரை விட்டு இறங்காமல் கேட்பவரிடம் இங்கிலீஷ். பல்பு வாங்க வருகிறவர் அந்தப் பல்பின் பிறப்பு வளர்ப்பையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். பொருளை யாராவது குறை சொல்லிவிட்டால் தீர்ந்தது. "சத்தம் போடுதா? இங்க கொண்டாங்க அத" என்று ஃபேனைக் கையில் வாங்கி, தோளில் கிடக்கும் துண்டால் துடைத்து, வந்தவர் மன்னிப்புக் கேட்காத குறையாகப் போகும் வரை விளக்கம் சொல்லுவார். நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனால்கூட, 'ஒரு நிமிஷம் இரு' என்று உள்ளங்கையைக் காட்டி நிறுத்திவிடுவார். அந்தக் கையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு நெஞ்சு வலி வந்தது. ஆபரேஷன் ஆனது. கடையை வேறொருவருக்கு விட்டாயிற்று. இதயம் நன்றாகத்தான் ஓடுகிறது என்று டாக்டர் சொன்னார். இதயம் ஓடியது, மனிதர்தான் நின்றுவிட்டார். காலையில் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்தால் அப்படியே சாயங்காலம். சாப்பிடுகிறீர்களா என்றால் தலையாட்டல். குழாய் ஒழுகுகிறது என்றால் "விடு." பக்கத்து வீட்டுக்காரன் நம் வாசலில் பைக்கை நிறுத்துகிறான் என்றால் அதற்கும் "விடு." நாலு பாஷை பேசிய வாயில் ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது.

எங்கள் ஒரே மகள் படிப்பு முடித்து வைட்ஃபீல்டில் வேலைக்குப் போனாள், அங்கிருந்து புனே, அங்கிருந்து டொராண்டோ. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் அவள் கூப்பிடுவாள். இவர் ஃபோனை வாங்கி, "நல்லாருக்கேம்மா, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று என் கையில் திணித்துவிடுவார். அவள் அழுதுவிடக் கூடாது என்று நான் பேச்சை வேறு எங்காவது இழுத்துக்கொண்டு போவேன். ஃபோனை வைத்த பிறகு சமையலறையில் போய் நான் அழுவேன். ஆள் உயிரோடு இருக்கும்போதே அவர் பேச்சை நினைத்து ஏங்குவது எனக்கு அவமானமாகக்கூட இருந்தது.

நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறேன். எங்கள் நோட்டீஸ் போர்டில் பெரியவர்களுக்கான சனிக்கிழமை வகுப்புகள் என்று ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். ஜும்பா, மண்பாண்டம், அறிமுக வானியல். ஜும்பா ஆடினால் டாக்டர் என்னைத் திட்டுவார். மண்ணைப் பிசைந்தால் துணி யார் துவைப்பது? வானத்தை அண்ணாந்து பார்ப்பதில் ஆபத்து ஒன்றுமில்லை என்று நினைத்து அவரைக் கேட்காமலே பேர் கொடுத்துவிட்டேன். "விடு" என்றார். விடவில்லை, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.

முதல் வகுப்பிலிருந்து வந்தவர் நான் கொடுத்த காபியை உற்றுப் பார்த்தார்.

"இந்தத் தண்ணியில இருக்கிற ஹைட்ரஜன் ஆயிரத்து முந்நூத்தி எண்பது கோடி வருஷம் பழசு."

"பால் இன்னிக்கிக் காலையில வாங்கினது. குடிங்க."

மாதக்கணக்கில் பேசாதவர் ஒரு முழு வாக்கியம் பேசியிருக்கிறார், நான் இப்படி மடக்கியிருக்கக் கூடாது. ஆனால் என் வாய் அப்படி. அவர் காபியைக் குடித்துவிட்டு மறுபடியும் நாற்காலிக்குப் போய்விட்டார்.

அதன்பின் வாரத்துக்கு இரண்டு மூன்று வாக்கியங்கள் வந்தன. எல்லாம் வானத்திலிருந்துதான். கீரையைப் பரிமாறினால், அதிலிருக்கும் இரும்பு ஏதோ ஒரு நட்சத்திரத்தின் வயிற்றில் வெந்தது என்பார். மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது, நாம் பார்க்கிற வெயில் சூரியனை விட்டுக் கிளம்பி எட்டு நிமிஷம் ஆகிவிட்டது என்பார். பழைய டிவியில் சேனல் வராமல் புள்ளி புள்ளியாகக் கொதிக்குமே, அதில் கொஞ்சம் பிரபஞ்சம் பிறந்த சூட்டின் மிச்சம் என்பார். அந்த மிச்சத்தைத்தான் நாம் பரணில் போட்டு வைத்திருக்கிறோம் என்றேன். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆயிரம் கோடி வருஷத்துக்கு முந்தியதைப் பேசுகிறவர் பக்கத்தில் நிற்கிற என்னோடு பேசமாட்டேன் என்றால் எனக்குக் கோபம் வராதா?

தொலைநோக்கியில் சந்திரனைக் காட்டப்போகிறார்கள் என்று ஒரு சாயங்காலம் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். நானும் போனேன். பெங்களூர் மேகம் பற்றித்தான் தெரியுமே, அது யார் வீட்டு விசேஷத்தையும் விட்டுவைக்காது. வெகுநேரம் காத்திருந்த பின், சும்மா அனுப்பக் கூடாது என்று வாத்தியார் தொலைநோக்கியைத் திருப்பி, தூரத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு அபார்ட்மென்டைக் காட்டினார். எல்லோரும் வரிசையில் நின்று பார்த்தோம். பத்தாவது மாடியில் ஒரு மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார். நன்றாகத் தெரிந்தார்.

வகுப்பு முடிகிற சமயத்தில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். கற்றதில் ஏதாவது ஒன்றை அவரவர் தங்கள் சொந்த ஜனங்களுக்கு, சொந்த பாஷையில் விளக்க வேண்டும். இவர் வந்து சொன்னபோது குரலில் பயம் தெரிந்தது. பயமாவது வந்ததே என்று எனக்குச் சந்தோஷம். உடனே எங்கள் போதகரின் மனைவிக்கு ஃபோன் போட்டேன். அவரை நாங்கள் ஐயரம்மா என்போம். கன்டோன்மென்ட் பக்கம் இருக்கிற எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வருகிறது, ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கும் முன் இவருக்குக் கொஞ்ச நேரம் தர முடியுமா என்று கேட்டேன்.

"தாராளமா. எதைப் பத்திப் பேசுறார்?"

"பிரபஞ்சம் எப்படி உண்டாச்சுன்னு."

"அது பைபிள்ல ஆதியாகமத்திலேயே இருக்கேம்மா. சரி, அவர் வாயைத் திறந்து ஏதாவது பேசட்டும்" என்றார். நல்ல மனுஷி.

அறுப்பின் பண்டிகை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விளைச்சலின் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பது அது. பின்பு எல்லாவற்றையும் ஏலம் விட்டு, வருவதைச் சபைக்கு வைத்துக்கொள்வார்கள். எங்கள் சபையில் வயல் வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை. டீச்சர், நர்ஸ், ஆபீஸ், கடை. ஆகையால் மார்க்கெட்டில் வாங்கிய பூசணிக்காய், வீட்டில் செய்த கேக், கால் கட்டிய கோழி, ஊறுகாய் பாட்டில் என்று கையில் கிடைத்ததைக் கொண்டுவருவோம். அன்றைக்கு வாசல் வழியாக நுழைகிற பாத்திரம் எதுவானாலும் அது காணிக்கைதான். இந்த வழக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கோட்டை விட்டேன்.

பிரபஞ்சம் விரிவதைக் காட்ட, வகுப்பில் உலர் திராட்சை போட்ட ரொட்டி மாவை உதாரணம் சொன்னார்களாம். மாவு உப்ப உப்ப, உள்ளே இருக்கும் திராட்சைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். இவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ரொட்டி மாவுன்னா நம்ம ஆளுங்களுக்குப் புரியாது. இட்லி மாவு அரைச்சிக் குடுக்கறியா?"

ஒரு வருஷத்தில் என்னிடம் அவர் கேட்ட முதல் உதவி அது. நான் உளுந்தை வழக்கத்துக்கு மேலேயே அள்ளிப் போட்டேன். எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டுமென்று பேக்கரிகளில் பிஸ்கட் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி வாயகன்ற ஒரு கண்ணாடி ஜாடியை அவரே வாங்கி வந்தார். நான் கெட்டியாக அரைத்துக் கொடுத்த மாவை ஜாடியில் பாதிக்கு ஊற்றி, திராட்சையைக் கண்ணாடி ஓரமாகத் தெரியும்படி குச்சியால் ஒவ்வொன்றாக இறக்கினார். இரண்டு திராட்சை பிரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றையும் அப்படியே போட்டார்.

அது நவம்பர் மாசம். நவம்பர் குளிரில் பெங்களூரில் மாவு பொங்குவது லேசான காரியம் இல்லை. இந்த ஊரில் குடித்தனம் நடத்துகிற எல்லோருக்கும் அந்தக் கவலை தெரியும். பாத்திரத்துக்கு ஸ்வெட்டர் போடுவோம், மஃப்ளர் கட்டுவோம், இன்வெர்ட்டர் மேல் ஏற்றி வைப்போம். இந்த ஜாடிக்கு அவருடைய ஸ்வெட்டரையே போட்டேன். பண்டிகை அன்று காலையில் எழுந்து பார்த்தால் மாவு முந்தின நாள் எப்படி இருந்ததோ அப்படியே உட்கார்ந்திருக்கிறது. திராட்சை ஒன்றும் எங்கேயும் போகவில்லை.

இவர் அதைப் பார்த்தார். "விடு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தில் அலமாரியைத் திறந்து சோடா உப்பு டப்பாவை எடுத்தேன். ஒரு ஸ்பூன் போட்டால் போதும். நான் ஆத்திரத்துக்குத் தக்கபடி போட்டேன். கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்து, திராட்சை கலையாமல் ஓரமாகக் கலக்கினேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருடைய வானியலில் சோடா உப்பு கிடையாது என்பார். ஜாடியை வெந்நீர் இருந்த அண்டாவுக்குள் இறக்கி வைத்துவிட்டுப் புதுப் புடவை கட்டப் போனேன்.

ஆட்டோவில் ஏறும்போது மாவு ஜாடியின் முக்கால் பாகம் வந்திருந்தது. ஜாடியை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் பேச வேண்டியதைத் தாளில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். வழி முழுக்க உதடு மட்டும் அசைந்தது. நான் இந்தப் பக்கம் திரும்பிக் கடைகளைப் பார்த்தேன். ஒரு மேட்டில் ஏறி இறங்கியபோது என் மடியில் டப்பென்று ஒரு சத்தம். ஜாடி மூடி ஆட்டோவின் கூரையில் முட்டித் திரும்பி வந்து என் தோளில் விழுந்தது. பின்னாலேயே மாவு எழுந்து வந்தது. அவசரமில்லாமல், நிதானமாக, நிற்கவே நிற்காமல் வந்தது. மடி, கைப்பை, அவருடைய சட்டைப் பை என்று ஒன்றையும் விடவில்லை.

டிரைவர் பிரேக் போட்டார். "ஏனாயித்து சார்? என்னா வெடிச்சுது? டயரா?"

"வெடிக்கலப்பா" என்றார் இவர், சட்டையெல்லாம் மாவோடு. "விரிஞ்சுது."

அது அவர்கள் வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது. பிரபஞ்சம் பட்டாசு மாதிரி ஓரிடத்தில் வெடிக்கவில்லையாம், எல்லா இடமும் ஒருசேர விரியத் தொடங்கியதாம். எனக்கு அந்த நேரத்தில் இரண்டும் ஒன்றுதான். புதுப் புடவை போச்சு. மூடியைப் போட்டுக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மீதி வழியைக் கடந்தேன். உள்ளே அது என் உள்ளங்கையை முட்டிக்கொண்டே வந்தது.

கோயில் வாசலில் இறங்கியதும் ஜாடியைப் படியில் வைத்துவிட்டு நான் குழாயடிக்கு ஓடினேன். இவர் எப்போது பேச வேண்டும் என்று விசாரிக்கப் போதகரைத் தேடிப் போனார். நான் ஜாடியை அவர் எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்தேன். அவர் நான் எடுத்திருப்பேன் என்று நினைத்தார். ஆராதனை முழுவதும் ஆண்கள் பக்கம் அவரும் பெண்கள் பக்கம் நானும் நிம்மதியாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம்.

ஆராதனை முடிந்து எல்லோரும் பக்கத்து ஹாலுக்குள் போனோம். போதகர் அன்றைக்குப் பிரசங்கத்தை நீட்டிவிட்டதால் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. அதனால் நடுவில் வருகிற நிகழ்ச்சியையெல்லாம் தள்ளிவிட்டு நேரே ஏலம் என்று அறிவித்துவிட்டார்கள். என் கணவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஜாடி எங்கங்க?"

"உன்கிட்ட இல்லியா?"

அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரிக்கப் பார்த்தார். மாவு காய்ந்து அட்டையாக ஒட்டிப்போயிருந்தது. அதைப் பெஞ்சின் மேல் வைத்தார். "விடு. வீட்டுக்குப் போலாம்" என்றார்.

அப்போது முன்னாலிருந்து ஏலம் விடுகிறவர் குரல் கேட்டது. எங்கள் சபையில் ஏலம் விடுவதற்கென்றே பிறந்த பெரிய தொண்டைக்காரர் அவர்.

"அடுத்தது, ஒரு கண்ணாடி ஜாடி! உள்ள... உள்ள என்னமோ இருக்குது. பாயசம் மாதிரி இருக்குது. யாரு குடுத்தீங்களோ, ஸ்தோத்திரம்! யார் கேக்குறீங்க?"

இவர் எழுந்துகொள்வார் என்று பார்த்தேன். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த ஜாடி அப்படியே கைமாறிப் போனால் இவர் நேரே பால்கனி நாற்காலிக்குப் போய்விடுவார், அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. கையைத் தூக்கி ஒரு தொகை சொன்னேன்.

எங்கள் கோயில் பாட்டுக் குழுவான கொயரில் மேல் குரல் பாடுகிற ஒரு சோப்ரானோ உண்டு. நான் ஆல்ட்டோ, கீழ்க் குரல். பாட்டிலும் சரி, கேக்கிலும் சரி, நான் ஒன்று எடுத்தால் அவர் அதைவிட ஒரு படி மேலே எடுப்பார். நான் கேட்டதும் அவர் கையும் எழுந்தது. நான் ஏற்றினேன், அவரும் ஏற்றினார். ஹால் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தது. ஏலக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இவ்ளோ போட்டி போடுறீங்களே, இதுல என்ன இருக்குன்னு யாராவது சொல்லுங்கப்பா!"

"அவரைக் கேளுங்க!" என்று கடைசி பெஞ்சைக் காட்டிக் கத்தினேன்.

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. கையில் ஒற்றைச் செருப்போடு எழுந்து நின்றார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இவரை இப்படி நடுச்சபையில் நிறுத்திவிட்டேனே என்று என்மேலேயே வெறுப்பு வந்தது.

அந்த நேரத்தில் சோப்ரானோ அம்மா எட்டி ஜாடியை முகர்ந்து பார்த்துவிட்டு, "அய்யே, கெட்டுப்போன மாவுங்க இது!" என்றார். அந்த அம்மாவை நான் சாகும்வரை ஆசீர்வதிப்பேன்.

"கெட்டுப்போனதா?" என்றார் என் கணவர். செருப்பைக் கீழே போட்டார். "இங்க கொண்டாங்க அத."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. கடைக் குரல் அது. விறுவிறுவென்று முன்னால் போய் ஜாடியை வாங்கி, கைக்குட்டையால் சுற்றிலும் துடைத்து, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"மேடம், இது கெட்டுப்போகல. ரன்னிங் கண்டிஷன்ல இருக்குது. இந்தத் திராட்சை பாருங்க, ஒண்ணொண்ணும் கோடிக்கணக்கான நட்சத்திரம் இருக்கிற ஒரு கூட்டம். நாம இருக்கிறது, வெச்சிக்குங்க, இதுல. காலையில இதுவும் இதுவும் எவ்ளோ கிட்ட இருந்திச்சி தெரியுமா? இப்பப் பாருங்க. யாராச்சும் தள்ளினாங்களா? இல்ல. திராட்சை எழுந்து நடந்திச்சா? இல்ல. நடுவுல இருக்கிற மாவு பெருகிச்சி, அவ்ளோதான். பிரபஞ்சமும் அதேதான். எடம் பெருகுது."

"அப்ப தூரமா இருக்கிறது?" என்று யாரோ கேட்டார்.

"அது இன்னும் வேகமா விலகும். நடுவுல மாவு ஜாஸ்தி இல்லியா? எங்க பொண்ணையே எடுத்துக்குங்க. முதல்ல வைட்ஃபீல்டு, அப்புறம் புனே, அப்புறம் கனடா. தூரம் போகப் போக வேகம் ஜாஸ்தி."

சிரிப்பு எழுந்தது. கன்னடம் மட்டும் தெரிந்த ஒரு மருமகளுக்காக அதையே கன்னடத்திலும் சொன்னார். சமையல்காரர் பிரியாணி அண்டாவை விட்டுவிட்டு வந்து நின்றார், அவருக்கு உருதுவில் சொன்னார்.

"இதுல நடு எது அங்கிள்?" என்றார் கொயர் மாஸ்டர்.

"நடுவே கிடையாது. எந்தத் திராட்சையில உக்காந்து பார்த்தாலும் மத்ததெல்லாம் தன்னை விட்டு ஓடுற மாதிரிதான் தெரியும். ஒவ்வொருத்தரும் நான்தான் நடுன்னு நெனச்சிக்கலாம்."

நான் சோப்ரானோவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"அப்ப இதையே பின்னால ஓட்டிப் பாருங்க" என்று இவர் தொடர்ந்தார். "எல்லாம் கிட்டக் கிட்ட வரும், நெருங்கும், சூடாகும். ஆயிரத்து முந்நூத்தி எண்பது கோடி வருஷத்துக்கு முந்தி எல்லாமே ஒரே நெரிசல், தாங்க முடியாத சூடு. அங்கேருந்துதான் ஸ்டார்ட்."

"அதுதானே அந்தப் பெருவெடிப்பு? வெடிச்சுதுன்னு சொல்வாங்களே?" என்றார் ஏலக்காரர்.

"வெடிக்கல!" என்று இவர் முன்னாலிருந்தும் நான் பின்னாலிருந்தும் ஒரே சமயத்தில் கத்தினோம்.

போதகர் மெதுவாக எழுந்தார். "எல்லாம் சரி. ஆரம்பிச்சு வெச்சது யாரு?"

என் கணவர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "ஸ்விட்ச் போட்டது யாருன்னு எங்க வகுப்புல சொல்லித்தரல ஐயா. அது உங்க டிபார்ட்மென்ட். ஸ்விட்ச் போட்ட அப்புறம் கரண்ட் எப்படி ஓடிச்சின்னுதான் நாங்க பார்க்கிறோம்." போதகர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

இதற்குள் ஜாடியில் மாவு மறுபடியும் விளிம்புக்கு வந்துவிட்டது. இவர் கையில் வழிந்தது. ஐயரம்மா ஒரு தட்டைக் கொண்டுவந்து அடியில் பிடித்தார். "ஏங்க, நவம்பர்ல எங்க வீட்டு மாவு அசையவே மாட்டேங்குது. இது மட்டும் ஏன் இப்படிப் பொங்குது?"

இவர் முகத்தில் கடைக்காரரின் தைரியம் சற்றுக் குறைந்தது. "அது... காலையில மாவு எழும்பலீங்க. என் வீட்டம்மா அவ்ளோ பாடுபட்டு அரைச்சது வீணாகக் கூடாதுன்னு, அவ புடவை கட்டப் போன நேரத்துல பேக்கரியில வாங்கி வெச்சிருந்த ஈஸ்ட்ட கொட்டிட்டேன். பாக்கெட்டோட."

"ஐயோ, நான் சோடா உப்புப் போட்டேங்க!" என்று பின்னாலிருந்து கத்திவிட்டேன்.

ஹால் குலுங்கிச் சிரித்தது. "ஒரே வீட்டுல இருக்கிறீங்க, பேசிக்கிட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே" என்றார் ஐயரம்மா. அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் கணவருக்கும் தைத்திருக்க வேண்டும், சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

என்னால் அடக்க முடியவில்லை. அத்தனை பேர் இருப்பதை மறந்துவிட்டுக் கேட்டேன். "எல்லாம் விலகி விலகிப் போகுதுன்றீங்களே. அப்ப நாமளும் விலகிட்டேதான் போறமா?"

அவர் ஜாடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பித் தேடினார். பிறகு விரலால் தொட்டுக் காட்டினார்.

"இல்ல. மாவுதான் பெருகும், திராட்சை பெருகாது. ஒண்ணையொண்ணு பிடிச்சிக்கிட்டிருக்கிறது எதுவும் பிரியாது. பூமியும் சந்திரனும் பிரியறதில்ல இதால. இதோ பாரு, இந்த ரெண்டும் ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சே, ஆட்டோவுல அந்த ஆட்டம் ஆடியும் அப்படியே இருக்குது."

நான் பார்த்தேன். இருந்தது. தூரத்திலிருந்து என் கண்ணுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை, ஆனாலும் பார்த்தேன் என்றே சொல்லுவேன்.

ஏலக்காரர் மேசையைத் தட்டினார். சோப்ரானோ அம்மா கையைத் தூக்கவில்லை. "அவங்களே எடுத்துக்கட்டும், அவங்க வீட்டுச் சாமான்" என்றார். நான் உளுந்து ஊறப்போட்டு, நான் அரைத்து, நான் மடியில் சுமந்து வந்த மாவை நானே விலைக்கு வாங்கினேன். சபையார் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

திரும்பி வரும் ஆட்டோவில் அவர் டிரைவருக்குப் பிரபஞ்சத்தை விளக்கிக்கொண்டே வந்தார். டிரைவர் இரண்டு தடவை வழி தவறினார். வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "குழாய் ஒழுகுதுன்னு சொன்னியே, எது?" என்று கேட்டார்.

சாயங்காலம் அந்த மாவில் இட்லி ஊற்றினேன். ஈஸ்ட், சோடா, சர்க்கரை, திராட்சை எல்லாம் சேர்ந்து மகா மோசமாக இருந்தது. இரண்டு பேரும் தின்றோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகளின் ஃபோன் வந்தது. அவர் எடுத்தார். நான் வழக்கம்போலக் கையைத் துடைத்துக்கொண்டு, ஃபோனை வாங்கத் தயாராகப் பக்கத்தில் போய் நின்றேன்.

"நல்லாருக்கேம்மா" என்றார். நான் கையை நீட்டினேன். "ஏய், இன்னிக்கி என்னாச்சி தெரியுமா? உங்கம்மா மாவுல..." என்று ஆரம்பித்தார்.

ஆட்டோ வந்தது, மூடி வந்தது, சோப்ரானோ வந்தார், போதகர் வந்தார். மறுமுனையில் என் மகள் சிரித்தாள், பிறகு அவள் அழுவது எனக்குக் கேட்டது, பிறகு மறுபடியும் சிரித்தாள். என் பங்குக்குப் பேச எனக்கும் எவ்வளவோ இருந்தது. ஃபோனைக் கொடுங்கள் என்று அவர் தோளைத் தட்டினேன். அவர் பேச்சை நிறுத்தாமல், என் முகத்துக்கு நேரே உள்ளங்கையைக் காட்டினார், ஒரு நிமிஷம் இரு என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அன்றைக்கு ஃபோன் என் கைக்கு வரவே இல்லை.